.308ஆ, .30-06ஆ, 6.5ஆ? பெரிய வேட்டைக்குத் தோட்டா தேர்வது எப்படி

கோயமுத்தூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்திலிருந்து மெல்போர்ன், டெக்சாஸ், ஆக்லாந்து என்று போய்க் குடியேறியவர்களில் சிலர் அங்கே முறையாக உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறார்கள். முதல் ரைஃபிள் வாங்கும்போது எல்லாரும் முட்டி நிற்பது ஒரே இடத்தில்தான்: .308 வின்செஸ்டரா, .30-06 ஸ்பிரிங்ஃபீல்டா, .270 வின்செஸ்டரா, 7எம்எம்-08 ரெமிங்டனா, 6.5 க்ரீட்மோரா? கடைக்காரர் ஒன்று சொல்வார், கூட வேலை செய்பவர் வேறொன்று சொல்வார், யூடியூப் நாலு சொல்லும். இவை எல்லாமே ஒரே வேலையைச் செய்பவை. பெயரை முதலில் பிடித்துக்கொண்டால் குழப்பம் தீராது. குண்டை முதலில் தேர்ந்து, அது எந்த வேகத்தில் போய்ச் சேர வேண்டும் என்று பார்த்து, அதற்குப் பிறகு தோட்டாவின் பெயருக்கு வாருங்கள்.

அதற்கு முன் ஒரு விஷயம். கீழே வரும் எதுவும் நம் ஊர்க் காட்டுக்குப் பொருந்தாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வேட்டை குற்றம். தாளவாடியிலும் தொண்டாமுத்தூரிலும் காட்டுப்பன்னி மக்காச்சோள வெள்ளாமையை உழுது போடுவது உண்மைதான். அதற்காக 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்னியைச் சுடுவது வனத்துறை ஆட்கள்தான், தோட்டக்காரர் அல்ல. அவுட்டுக்காய் வைப்பதும் கம்பியில் திருட்டுக் கரண்ட் விடுவதும் நேராக ஜெயிலுக்குப் போகும் வழி. ஆகவே இந்தக் குறிப்பு, வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் இருக்கும் நம் ஆட்களுக்கு.

சொற்களையும் அளவையும் நேர் செய்துகொள்ளுங்கள்

தோட்டா என்றால் முழுச் சாமான்: பித்தளைக் கூடு, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டுமே. அதன் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம். எட்டுக் கிராம் பவுனில் 123 கிரெயினுக்குச் சற்று மேல் இருக்கிறது. 150 கிரெயின் குண்டு 1.2 பவுன், 180 கிரெயின் குண்டு ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு என்று கையில் எடை தட்டுப்படும்.

விட்டம் அங்குலத்தில். பீளமேட்டு லேத் பட்டறைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்: .308 என்றால் 308 தௌ. (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) ஆனால் பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள். .270 வின்செஸ்டரின் குண்டு 277 தௌ. 7எம்எம்-08, .280 ரெமிங்டன், பழைய 7×57 மவுசர், 7எம்எம் ரெமிங்டன் மேக்னம் நான்குக்கும் குண்டு 284 தௌ. .308, .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் மூன்றுக்கும் 308. 6.5 என்று தொடங்கும் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் 264. ஒரே விட்டத்துக்காரர்கள் ஒரே குண்டைத்தான் எறிகிறார்கள்; எறியும் வேகம்தான் வேறு. இது மனதில் பதிந்துவிட்டால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

இவற்றின் பூர்வீகமும் ஒன்றுக்குள் ஒன்றுதான். .30-06 வந்தது 1906-ல். அதன் கூட்டின் கழுத்தைச் சிறிதாக்கி 1925-ல் .270 வந்தது. நல்ல மருந்துகள் வந்தபின், அதே வேலையைக் குட்டைக் கூட்டில் செய்ய முடியும் என்று 1952-ல் .308. அந்தக் குட்டைக் கூட்டின் கழுத்தைச் சுருக்கி 1955-ல் .243, 1980-ல் 7எம்எம்-08. க்ரீட்மோர் மட்டும் 2007-ல் போட்டிச் சுடுதலுக்காக வந்து, பிறகு காட்டுக்குள் நுழைந்தது.

விலங்கும் சட்டமும்

எதைச் சுடப் போகிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள். வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டில் நம் ஆட்கள் துரத்துவது பெரும்பாலும் நம் ஊர் விலங்கைத்தான். விக்டோரியா மலைக்காட்டில் இருப்பது 1860-களில் கொண்டுபோய் விட்ட கடமான். கிடா 200 கிலோவைத் தாண்டும். வடக்கு குயின்ஸ்லாந்தின் சார்ட்டர்ஸ் டவர்ஸ் பக்கம் 1886-லிருந்து புள்ளிமான் இருக்கிறது. டெக்சாஸில் புள்ளிமான், வெளிமான், அதற்கு மேல் நீலான் என்கிற நீலப்பசு. நியூசிலாந்து மலையில் இமயமலை வரையாடு. புள்ளிமானும் வெளிமானும் மெல்லிய உடம்புக்காரர்கள். மேலே சொன்ன ஐந்து தோட்டாவில் எது வேண்டுமானாலும் போதும். கடமானும் நீலானும் தோள் எலும்பும் தோலும் தடித்தவை. அங்கேதான் குண்டின் கட்டுமானம் கணக்குக் கேட்கும்.

அடுத்தது அந்த நாட்டின் குறைந்தபட்ச விதி. கடைக்காரர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு. விக்டோரியாவின் 2012 விதிகள் கடமானுக்கு .270 விட்டமும் 130 கிரெயின் குண்டும் குறைந்தபட்சம் என்று வைத்திருந்தன. அந்த அளவுகோலில் 6.5 க்ரீட்மோர் ஆறு தௌ குறைவு. எவ்வளவு நல்ல குண்டு போட்டாலும் தேறாது. இத்தகைய விதிகளைச் சில ஆண்டுக்கொரு முறை புதுப்பிப்பார்கள் என்பதால், ரைஃபிளுக்கு முன்பணம் கொடுக்கும் வாரத்தில் அங்குள்ள வேட்டை ஆணையம் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று ஒருமுறை படியுங்கள். நமீபியா விட்டத்தைப் பார்க்காமல் ஆற்றலைப் பார்க்கிறது: குடு, ஓரிக்ஸ் போன்ற பெரிய மான்களுக்குக் குழல் வாயில் 2700 ஜூல், எருமை யானைக்கு 5400 ஜூல். .243-ல் 100 கிரெயின் குண்டு வினாடிக்கு 902 மீட்டரில் கிளம்பினால் 2636 ஜூல்தான், மயிரிழையில் தவறிவிடும். கொலராடோவில் எல்க் மானுக்கு .24 விட்டமும் 85 கிரெயினும் இருந்தால் சட்டத்துக்குப் போதும். விலங்குக்குப் போதுமா என்பது வேறு. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது. அங்கே செம்புக் குண்டு கிடைக்காத தோட்டாவை வாங்குவது வீண்.

உங்கள் தூரம் எவ்வளவு?

தோட்டாத் தயாரிப்பாளர்களின் வரைபடத்தில் 600 மீட்டருக்குக் கோடு போட்டிருப்பார்கள். நீங்கள் 600-ல் சுடப் போவதில்லை. ரேஞ்சில் 20 செ.மீ. காகிதத் தட்டு ஒன்றை 100 மீட்டரில் ஒட்டுங்கள். மேசையும் மணல் மூட்டையும் இல்லாமல், காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி, குந்தியோ மண்டியிட்டோ குச்சித் தாங்கலில் வைத்தோ, ஐந்து தோட்டா போடுங்கள். ஐந்தும் தட்டுக்குள் விழுந்தால் தட்டை 150-க்கு நகர்த்துங்கள், பிறகு 200-க்கு. எந்தத் தூரத்தில் ஐந்தில் ஒன்று வெளியே போகிறதோ, அதற்கு முந்திய தூரம்தான் உங்கள் எல்லை. புதியவர்கள் பலருக்கு இது 150-ஐத் தாண்டாது. அது குறையல்ல, விக்டோரியாக் கடமான் பெரும்பாலும் புதருக்குள் அதைவிடக் கிட்டத்தில்தான் எழும்பும்.

இந்த ஓர் எண் கையில் வந்ததும் பட்டியலில் பாதியைக் கிழித்துப் போடலாம். 200 மீட்டருக்குள் சுடுபவருக்கு மேக்னம் (பெரிய கூட்டில் அதிக மருந்து போட்ட வேகத் தோட்டா) எதுவும் தேவையில்லை.

குண்டு: இங்கே நேரம் செலவழியுங்கள்

வேட்டைக் குண்டு செய்ய வேண்டியது இரண்டு காரியம். உள்ளே போனதும் காளான் மாதிரி விரிய வேண்டும்; விரிந்தபடியே நெஞ்சுக்கூட்டைக் கடந்து மறுபக்கம் வரை போக வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. சீக்கிரம் விரிந்தால் ஆழம் குறையும், விரியாமல் போனால் பென்சில் ஓட்டை போட்டுவிட்டு வெளியேறும். அடிபட்ட மான் ஒரு கிலோமீட்டர் ஓடி எங்கோ விழும். தொழிற்சாலைகள் இதற்கு நான்கு வகையில் விடை சொல்கின்றன.

முதலாவது, ஈயக் கருவின் மேல் செம்புத் தகடு போர்த்த சாதாரண மென்முனைக் குண்டு. விலை குறைவு, வினாடிக்கு 550 முதல் 600 மீட்டர் வேகம் இருக்கும்வரை விரியும். புள்ளிமான் அளவுக்கு இதைவிட வேறு தேவையில்லை. ஆனால் 50 மீட்டரில், முழு வேகத்தில், கடமானின் தோள் எலும்பில் பட்டால் கருவும் தகடும் பிரிந்து சிதறும். மேல்தசையில் கிண்ணம் அளவு காயமும் உள்ளே ஒன்றுமில்லாமலும் நிற்கும். இரண்டாவது, கருவையும் தகட்டையும் உருக்கிப் பிணைத்த குண்டு. எடையில் முக்கால் பங்குக்கு மேல் தக்கவைத்துக்கொண்டு உள்ளே போகும். மூன்றாவது, நடுவில் சுவர் வைத்த குண்டு; 1948-ல் வந்த நோஸ்லர் பார்ட்டிஷன் இதற்கு முன்னோடி. முன்பாதி சிதறினாலும் பின்பாதி உருக்குலையாமல் நேராகப் போகும். நான்காவது முழுச் செம்பு. எடை ஏறக்குறைய முழுதும் நிற்கும், ஆழம் அதிகம். ஆனால் விரிய வேகம் வேண்டும். பழைய வடிவங்களுக்கு வினாடிக்கு 610 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவை சில இன்னும் குறைவில் விரியும், பெட்டியில் அல்லது தயாரிப்பாளரின் பக்கத்தில் எழுதியிருக்கும்.

செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். அதனால் செம்புக்கு மாறும்போது ஒரு படி எடை இறங்குங்கள்: .30-06-ல் 180 ஈயம் போட்ட இடத்தில் 150 அல்லது 165 செம்பு, .270-ல் 150-க்குப் பதில் 130. எடை இறங்கினால் வேகம் ஏறும், விரிவதற்கும் அது உதவும்.

ஆழத்தை முன்கூட்டிக் கணிக்க ஒரு சின்னக் கணக்கு உண்டு. குண்டின் கிரெயினை 7000-ஆல் வகுத்து, வந்ததை விட்டத்தின் வர்க்கத்தால் வகுங்கள். 6.5-ல் 143 கிரெயினுக்கு 0.293, 308-ல் 180-க்கு 0.271, அதே 308-ல் 150-க்கு 0.226, 277-ல் 130-க்கு 0.242. எண் கூடக் கூட, ஒரே மாதிரி விரியும் குண்டுகளுக்குள், ஆழம் கூடும். 6.5-ஐ 'சின்னது' என்று ஒதுக்குபவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். ஆப்பிரிக்காவில் கரமோஜோ பெல் 7×57-ஐ வைத்து நூற்றுக்கணக்கில் யானை சுட்டதும் நீளமான, விரியாத குண்டால்தான். அதைப் பார்த்து யாரும் ஆசைப்பட வேண்டாம். இன்று யானை, எருமைக்கு .375 விட்டம் குறைந்தபட்சம் என்பது பல நாடுகளில் சட்டம்.

ஒன்று மட்டும் கண்டிப்பு: போட்டிச் சுடுதலுக்கான குண்டும் ராணுவ முழுத்தகட்டுக் குண்டும் வேட்டைக்கு ஆகாது. முதலாவது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது, இரண்டாவது விரியவே விரியாது; பல இடங்களில் சட்டவிரோதமும்கூட.

போய்ச் சேரும் வேகம்

இப்போது குண்டின் விரியும் எல்லையை எடுத்து, அதற்கு மேல் வினாடிக்கு 50 அல்லது 60 மீட்டர் உபரி வைத்து, உங்கள் தூரத்தில் அந்த வேகம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். தோட்டாப் பெட்டியிலேயே ஒவ்வொரு தூரத்துக்கும் வேகம் அச்சாகியிருக்கும்.

இங்கே ஒரு உதாரணத்தை விரித்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அதிகம் சண்டை நடப்பது இதில்தான். .308-ல் சாதாரண 150 கிரெயின் குண்டு வினாடிக்கு 860 மீட்டரில் கிளம்புகிறது. 6.5 க்ரீட்மோரில் 143 கிரெயின் ஒல்லிக் குண்டு 823-ல் கிளம்புகிறது. வாயில் .308 முன்னே. ஆனால் 91 மீட்டரில், அதாவது 100 கஜத்தில், .308 சுமார் 772, க்ரீட்மோர் 779. அங்கேயே சமன் ஆகிவிட்டது. 300 கஜத்தில் 612-க்கு 696. 400 கஜத்தில் 541-க்கு 657: .308-ன் குண்டு விரியும் எல்லையைத் தொட்டுவிட்டது, க்ரீட்மோருடையது இன்னும் தாராளமாக இருக்கிறது. பக்கக் காற்று மணிக்கு 16 கி.மீ. அடித்தால் 300 கஜத்தில் .308 சுமார் 26 செ.மீ. தள்ளும், க்ரீட்மோர் 13. பல்லடம், உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று இதைவிடப் பலமாக அடிக்கும். அதில் நின்றவர்களுக்கு இந்த 13 செ.மீ. எவ்வளவு பெரியது என்று தெரியும்.

இதை வைத்து .308 தோற்றது என்று சொன்னால் அது தவறான தீர்ப்பு. நாம் ஒப்பிட்டது ஒரு பழைய மொட்டைக் குண்டையும் ஒரு புது ஒல்லிக் குண்டையும். .308-லும் 178 கிரெயின் ஒல்லிக் குண்டு போட்டால் இடைவெளி வெகுவாகச் சுருங்கும். அதோடு 200 மீட்டருக்குள் இந்த வித்தியாசம் மானுக்குத் தெரியாது. தொலைவில் மலைச் சரிவில் சுடும் நியூசிலாந்து வரையாடு வேட்டைக்காரருக்கு இது பொருட்டு. புதருக்குள் சுடும் விக்டோரியாக்காரருக்கு அல்ல.

குண்டின் தாழ்வு பற்றி ஓயாமல் பேசுவார்கள். 200 கஜத்தில் ஜீரோ வைத்தால் (அதாவது அந்தத் தூரத்தில் குறி பார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பை அமைத்தால்) 300 கஜத்தில் .270-ன் 130 கிரெயின் சுமார் 17 செ.மீ. தாழும், க்ரீட்மோர் 20, .30-06-ன் 180 கிரெயின் 22, .308-ன் 180 கிரெயின் 24. எல்லாம் ஏழு செ.மீ.க்குள். தாழ்வை முன்கூட்டியே கணக்கிட்டு ஸ்கோப்பில் திருத்திக்கொள்ளலாம். காற்றை அப்படித் திருத்த முடியாது. தாழ்வை மட்டும் பார்த்து யாரும் தோட்டா மாற்ற வேண்டியதில்லை.

அட்டையில் எழுதிய வேகம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. உங்கள் குழல் 20 அங்குலமானால், .308 வகையில் ஓர் அங்குலத்துக்கு ஏழெட்டு மீட்டர் கழியுங்கள். மேக்னங்களில் இன்னும் கூடக் கழியும். இதை மறந்துவிட்டு 20 அங்குலக் குழலில் மேக்னம் வாங்குபவர் உதையையும் சத்தத்தையும் வாங்கிக்கொண்டு வேகத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

உதை

குறி தவறுவதற்கு முதல் காரணம் உதைக்குப் பயந்து விசையைப் பிடுங்குவது. இதை நீங்களே கணக்கிடலாம். குண்டின் கிராமை அதன் வேகத்தால் பெருக்குங்கள்; மருந்தின் கிராமை 1220-ஆல் பெருக்குங்கள்; இரண்டையும் கூட்டி 1000-ஆல் வகுங்கள். வந்ததன் வர்க்கத்தை ரைஃபிள் எடையின் (ஸ்கோப்பும் சேர்த்து, கிலோவில்) இருமடங்கால் வகுத்தால் உதை ஜூலில் வரும். .308-க்குப் போட்டுப் பாருங்கள்: 9.72 கிராம் குண்டு, 860, மருந்து சுமார் 3 கிராம், கூட்டினால் 12. அதன் வர்க்கம் 144. ரைஃபிள் 3.6 கிலோ என்றால் 7.2-ஆல் வகுக்க 20 ஜூல்.

அதே 3.6 கிலோவில் க்ரீட்மோரும் 7எம்எம்-08-ம் சுமார் 17, .270-ல் 130 கிரெயின் 21, .30-06-ல் 180 கிரெயின் 27, .300 வின்செஸ்டர் மேக்னத்தில் 180 கிரெயின் 37. மலையேற லேசாக இருக்கட்டும் என்று 2.7 கிலோ ரைஃபிளில் அந்த மேக்னத்தை வாங்கினால் 50 ஜூல். புதியவர் 20-க்குள் நிற்பதுதான் நல்லது. 27 வரை பழகினால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் மூன்றாவது தோட்டாவிலேயே கண் தானாக மூடும், பலருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. கண்டுபிடிக்க வழி: நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் சில முறை வெற்று டம்மித் தோட்டாவை இடையில் போட்டுக் கொடுக்கட்டும். 'டிக்' என்று மட்டும் கேட்கும்போது குழல் முனை கீழே குத்தினால் உதைப்பயம் இருக்கிறது. உதை கூடிய ரைஃபிளில் ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் 9 செ.மீ. இடைவெளியாவது வேண்டும், இல்லாவிட்டால் புருவத்தில் வெட்டு விழும்.

குழல் முனையில் பிரேக் (வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துண்டு) மாட்டினால் உதை குறையும், காதுக்கு ஆகாது. காதடைப்பான் இல்லாமல் ஒரு தடவைகூட வேண்டாம்.

இரண்டுக்குள் ஒன்று என்று வந்தால்

.308-க்கும் .30-06-க்கும் இடையில்: 180 கிரெயினில் .308 வினாடிக்கு 799 மீட்டர், .30-06 823. இந்த 24 மீட்டர் என்பது தூரத்தில் சுமார் 35 மீட்டருக்குச் சமம். .30-06 300 மீட்டரில் செய்வதை .308 265-ல் செய்யும், அவ்வளவுதான். பதிலுக்கு .308-ன் தோட்டா 71 மி.மீ., மற்றது 85 மி.மீ.; போல்ட் ஓட்டம் குட்டை, ரைஃபிள் கொஞ்சம் லேசு, உதை குறைவு. 200, 220 கிரெயின் கனக் குண்டுகளைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் மட்டும் .30-06-ன் பெரிய கூடு பயன்படும். மற்றபடி நாங்கள் .308-ஐத்தான் சொல்வோம்.

.270-ஐயும் .30-06-ஐயும் வைத்துக் குழம்புபவர், நீலானும் கடமானும் அடிக்கடி என்றால் .30-06, மற்றதற்கு .270. ஆனால் .270-ன் குழலில், குண்டைச் சுழற்றிவிடும் உட்புறச் சுருள் பள்ளம் பெரும்பாலும் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. புதிதாக வந்திருக்கும் 165, 175 கிரெயின் நீளக் குண்டுகள் அதில் நிலையாகச் சுழலாது. காகிதத்தில் ஓட்டை வட்டமாக இல்லாமல் சாவித் துவாரம் போல விழுந்தால் காரணம் இதுதான். 150-க்கு மேல் போகாதீர்கள்.

7எம்எம்-08-ம் 6.5 க்ரீட்மோரும் உதையில் ஒன்று. விதி 6.5-ஐ அனுமதிக்கும் இடத்தில் தோட்டா வகை அதிகம் கிடைப்பது க்ரீட்மோருக்கு. விதி தடுக்கும் இடத்தில் 7எம்எம்-08. சின்ன உடம்புக்காரர், பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள் யார் கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் எங்கள் பதில். 140 கிரெயின் பிணைப்புக் குண்டோடு 7எம்எம்-08 கடமானுக்கும் குறைவே இல்லை.

மேக்னங்களில் 7எம்எம் ரெமிங்டன் (1962), .300 வின்செஸ்டர் (1963) இரண்டும் பழுத்தவை, எந்த ஊரிலும் தோட்டா கிடைக்கும். 2018-ல் வந்த 6.5 பிஆர்சி, 2022-ல் வந்த 7எம்எம் பிஆர்சி ஒல்லிக் குண்டுக்கென்றே வடிவமைத்தவை, நல்லவைதான். ஆனால் சின்ன ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். முதல் ஆண்டில் பழக 200 தோட்டாவாவது வேண்டும். 40 தோட்டாவோடு நிற்கும் மேக்னக்காரரைவிட 200 தோட்டா போட்ட .308-காரர் நன்றாகச் சுடுவார்.

உள்ளூரில் உரிமத்தோடு தாத்தா காலத்து ரைஃபிள் வைத்திருப்பவர்கள் கேட்பதுண்டு: நம் .315 எதில் சேரும்? அது 8×50 மான்லிக்கர்; .303 பொதுமக்களுக்குத் தடை என்பதால் இங்கே நிலைத்தது. விளிம்பு வைத்த கூடு, கனக் குண்டு, மெதுவான வேகம். மேலே சொன்ன எதோடும் போட்டியில் இல்லை. 8எம்எம் மவுசரோடு குழப்பிக்கொள்ளவே கூடாது.

வாங்கிய பின்

மூன்று வெவ்வேறு தயாரிப்புத் தோட்டா ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். 100 மீட்டரில் மூன்று மூன்று குண்டாகச் சுடுங்கள், ஒவ்வொரு தயாரிப்பிலும் அப்படி மூன்று கூட்டம்; நடுவில் குழல் ஆற விடுங்கள். ஒரு கூட்டத்தின் மூன்று குண்டும் 4 செ.மீ.க்குள் விழுந்தால் வேட்டைக்குப் போதும். எது சிறப்பாக விழுகிறதோ அதையே, அதே லாட் எண்ணில், இரண்டு மூன்று பெட்டி சேர்த்து வாங்கி வையுங்கள். லாட் மாறினால் ஜீரோவைத் திரும்பப் பாருங்கள். 100 மீட்டரில் 5 செ.மீ. மேலே விழும்படி வைத்தால் 200-ல் ஏறக்குறைய நேர் வரும். ஏறக்குறைய என்பதை 200-லேயே சுட்டு உறுதி செய்யுங்கள்.

கோடையில் 40 டிகிரியில் ஜீரோ வைத்துவிட்டு உறைபனியில் வேட்டைக்குப் போனால், மருந்தைப் பொறுத்து வேகம் 20 மீட்டர் அளவுக்கு இறங்கலாம். காருக்குள் வெயிலில் தோட்டாவை வறுக்க விடாதீர்கள். அழுத்தம் ஏறும், கூடு சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) சிக்கும்.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே வகைத் தோட்டா. .308-ஐ .30-06 சேம்பரில் போட்டால் போல்ட் மூடும், வெடிக்கும், கூடு பிளக்கும். .270 சேம்பருக்குள் .308 நுழைந்துவிடும், 277 தௌ துளையில் 308 தௌ குண்டைத் தள்ளினால் ரைஃபிள் உங்கள் முகத்தில்தான் உடையும். .280 ரெமிங்டனுக்கு 1979-ல் 7எம்எம் எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றினார்கள். ஆட்கள் அதை 7எம்எம் மேக்னம் என்று நினைத்துப் போடத் தொடங்கியதால் பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். ஆகவே குழல் மேல் பொறித்த எழுத்தும் கூட்டின் அடியில் பொறித்த எழுத்தும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

விமானத்தில் ஒருவருக்கு 5 கிலோ தோட்டாதான், அதுவும் விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு, சரக்குப் பையில். .30-06 தோட்டா ஒன்று சுமார் 28 கிராம், 20 கொண்ட பெட்டி 560 கிராமும் அட்டையும். இது வேட்டை நாடுகளுக்கு இடையில் பறக்கும்போது. பொங்கலுக்கோ நோம்பிக்கோ கோயமுத்தூர் வரும்போது வேட்டைக்கு எடுத்துப் போன முதுகுப்பையைக் கொண்டு வரவே வேண்டாம். ஓரப் பாக்கெட்டில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா கிடைத்தாலும் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு. வேறு பை இல்லையென்றால் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து, தலைகீழாக உதறிப் பார்த்த பிறகு துணி அடுக்குங்கள்.